சிறிய அலுமினிய மீன்பிடிப் படகைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஏரியிலும் ஆற்றிலும் கழிமுகத்திலும் தூண்டில் போடுபவர்கள் முதன்முதலாகச் சொந்தப் படகு வாங்க எண்ணும்போது, பெரும்பாலும் 10 முதல் 16 அடி வரை நீளமுள்ள அலுமினியப் படகையே நாடுகிறார்கள். இது விலையுயர்ந்த பொழுதுபோக்குப் படகு அல்ல. இருவர் தூக்கி நகர்த்தக்கூடிய, சிறு இயந்திரம் ஒன்றில் ஓடக்கூடிய, கல்லில் உரசினாலும் பெரும்பாலும் ஒரு நசுங்கலோடு தப்பிவிடக்கூடிய எளிய கலம். ஆனால் கடையில் வரிசையாக நிற்கும்போது ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும் இந்தப் படகுகள் நீரில் இறங்கியதும் மிகவும் வேறுபட்டு நடந்துகொள்கின்றன. அந்த வேறுபாட்டுக்கான காரணங்களை அறிந்துகொண்டால், நீளத்தையும் நிறத்தையும் பார்த்து வாங்கிவிட்டுப் பின்னர் வருந்த வேண்டியதில்லை.

முதலில் உலோகத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், எஃகுக்கு அது 7.8 கிராம் அளவில் இருக்கிறது. ஆகவே ஒரே தடிமனுள்ள தகட்டில் அலுமினியத்தின் எடை எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்ணாடியிழைக் கலவை அலுமினியத்தைவிடவும் அடர்த்தி குறைந்தது என்றாலும், வலிமைக்காக அதைப் பல மடங்கு தடிமனாக வார்க்க வேண்டியிருப்பதால், அதே அளவுள்ள கண்ணாடியிழைப் படகு பொதுவாக அதிக எடையுடன் அமைகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், விமானங்களுக்காக அலுமினியத் தகட்டை வளைத்து, தகடுகளைத் துளையிட்டுப் பிணைக்கும் ரிவெட் என்னும் தலையுள்ள ஆணியை அடிப்பதில் தேர்ந்திருந்த அமெரிக்காவின் கிரம்மன் நிறுவனம் அதே கைத்திறனை இலகுவான தோணிகள் செய்வதற்குத் திருப்பியது. இன்றைய சிறு அலுமினியப் படகுகளின் கட்டுமானத்தில் அந்த விமானத் தொழில் மரபின் சாயல் இன்னும் தெரிகிறது.

எல்லா அலுமினியமும் படகுக்கு ஏற்றதல்ல. செம்பு கலந்த விமான உலோகக் கலவைகள் வலிமையானவை, ஆனால் உப்பு நீரில் விரைவாக அரிக்கப்படுகின்றன. படகுத் தகடுகளுக்கு மக்னீசியம் கலந்த 5052, 5083, 5086 என்னும் எண்களால் குறிக்கப்படும் கலவைகளையும், சட்டங்களுக்கும் விளிம்புகளுக்கும் பெரும்பாலும் 6061 வகைக் கலவையையும் பயன்படுத்துகிறார்கள். விற்பவரிடம் கலவையின் எண்ணையும் அடித்தகட்டின் தடிமனையும் கேட்பது தவறல்ல. சிறு படகுகளில் அந்தத் தடிமன் பொதுவாக 1.3 மில்லிமீட்டரிலிருந்து 3.2 மில்லிமீட்டர் வரை இருக்கும். இந்த இடைவெளி கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றினாலும், பாறைகள் நிறைந்த ஆற்றில் ஓட்டுபவருக்கு அது மிகப் பெரிய வேறுபாடு.

படகைத் தேடுவதற்கு முன், அது ஓடப்போகும் நீரை ஆராய வேண்டும். காற்று தடையின்றி எவ்வளவு தூரம் நீர்ப்பரப்பின்மேல் வீசுகிறதோ அந்த அளவுக்கு அலை வளரும். மரங்கள் சூழ்ந்த குளமும், ஒரு கரையிலிருந்து மறு கரை தெரியாத நீர்த்தேக்கமும் ஒன்றல்ல. பிந்தையதில் பிற்பகல் காற்று கிளம்பினால் குறுகிய இடைவெளியில் செங்குத்தாக எழும் அலைகள் சிறு படகைத் திணறச் செய்யும். ஐரோப்பிய விதிமுறைகளின்படி விற்கப்படும் படகுகளில் ஓர் எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். டி என்றால் போஃபர்ட் எனப்படும் காற்று வலிமை அளவுகோலில் விசை 4 வரையிலும், பொதுவாக 0.3 மீட்டர், எப்போதாவது 0.5 மீட்டர் உயரமுள்ள அலை வரையிலும் உள்ள ஒதுக்கமான நீருக்கு உரியது. சி என்றால் காற்று விசை 6, அலை உயரம் 2 மீட்டர் வரை எதிர்பார்க்கக்கூடிய கரையோர நீருக்கு உரியது. டி எழுத்துள்ள படகைத் திறந்த கடலுக்குக் கொண்டுபோகும் எண்ணமிருந்தால், வேறு படகைத் தேடுவதே நல்லது.

நீர் முடிவானதும் அடிப்பகுதியின் வடிவம் முடிவாகிவிடுகிறது என்றே சொல்லலாம். ஜான் படகு எனப்படும் தட்டையடிப் படகு சில சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரிலேயே மிதந்துவிடும். புல்லும் சேறும் நிறைந்த ஓரங்களில் நுழையும். குறைந்த விசையில் நகரும். அது அமைதியான நீரில் அசையாமல் நிற்பதால், எழுந்து நின்று தூண்டில் வீசுவது எளிது. ஆனால் அலை எழுந்தால் அந்தத் தட்டையான முன்பகுதி உள்ளங்கையால் நீரை அறைவது போல ஒவ்வோர் அலையிலும் மோதும். அந்த அதிர்ச்சி முழுவதும் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பில் இறங்கும். வி வடிவ அடியுள்ள படகு அலையைக் கிழித்துக்கொண்டு செல்லும், பயணம் மென்மையாக இருக்கும். அதற்கு ஈடாக, அது சற்று ஆழமான நீரைக் கேட்கும், அதே வேகத்துக்குக் கூடுதல் விசையைக் கேட்கும், நின்ற நிலையில் ஒருவர் பக்கவாட்டில் நகர்ந்தால் முதலில் கொஞ்சம் ஆடும்.

இந்த ஆட்டத்தைப் பற்றித் தொடக்கநிலையாளர்களிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு. நிற்கும்போது ஆடாத படகே பாதுகாப்பானது என்று அவர்கள் கருதுகிறார்கள். தட்டையடிப் படகின் உறுதி தொடக்கத்தில் மிகுதி. ஆனால் அது நீர்ப்பரப்பின் சாய்வை அப்படியே பின்பற்றுவதால், பக்கவாட்டிலிருந்து அலை வந்தால் படகும் அதே அளவுக்குச் சாயும். தாழ்வான அதன் பக்கச்சுவர் அந்தச் சாய்வில் நீரை எளிதில் உள்ளே விட்டுவிடும். வி வடிவப் படகு முதலில் சிறிது ஆடினாலும், ஒரு கோணத்துக்குப் பிறகு அதன் அகன்ற பக்கங்கள் நீரில் அழுந்தி எதிர்விசை தருகின்றன. பக்கச்சுவரும் பொதுவாக உயரமாக இருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவில், அணியம் எனப்படும் முன்முனையில் கூர்மையாகத் தொடங்கி, பின்னணியம் எனப்படும் பின்முனையை நெருங்கும்போது ஏறத்தாழத் தட்டையாகிவிடும் அரை வி வடிவம் இருக்கிறது. எந்த நீரில் அதிகம் ஓட்டப்போகிறோம் என்று இன்னும் தீர்மானிக்காதவருக்கு, 14 அடி நீளமுள்ள, அகலமான அரை வி வடிவப் படகையே நான் பரிந்துரைப்பேன். அது எதிலும் முதன்மையானதல்ல, ஆனால் எதிலும் ஆபத்தாகக் கைவிடாது.

அகலம் என்ற சொல்லை வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். எல்லோரும் நீளத்தைக் கேட்கிறார்கள். அகலத்தைக் கேட்பவர் குறைவு. ஜான் படகுகளுக்கு 1436, 1448 என்றெல்லாம் எண் பெயர்கள் இருப்பதைக் காணலாம். முதல் இரண்டு இலக்கங்கள் அடிக்கணக்கில் நீளத்தையும், அடுத்த இரண்டும் அங்குலக் கணக்கில் அடிப்பகுதியின் அகலத்தையும் குறிக்கின்றன. 1436, 1448 ஆகிய இரண்டும் 14 அடிப் படகுகளே. ஆனால் இரண்டாவதன் அடிப்பகுதி ஓர் அடி அதிக அகலம் கொண்டது. இருவர் எதிரெதிரே நகர்ந்து செல்லும்போதும், ஒருவர் எழுந்து நின்று மீனை வலைக்குள் எடுக்கும்போதும் அந்த ஓர் அடியின் மதிப்பு புரியும். மேல்விளிம்பின் அகலத்தை மட்டும் பெரிதாகக் காட்டும் விளம்பரங்கள் உண்டு என்பதால், அடிப்பகுதியின் அகலத்தைத் தனியாக அளந்து பார்ப்பது நல்லது.

அடுத்தது சுமை. என் கருத்தில், படகு வாங்குபவர் முதலில் படிக்க வேண்டியது பின்னணியத்துக்கு அருகிலோ உட்புறச் சுவரிலோ பதித்திருக்கும் கொள்ளளவுத் தகட்டைத்தான். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான ஒற்றையுடல் விசைப்படகுகளுக்கு இந்தத் தகடு 1972 முதல் கட்டாயம். எத்தனை பேர் அல்லது எவ்வளவு எடையுள்ள ஆட்கள், ஆட்களும் இயந்திரமும் பொருள்களும் சேர்ந்து மொத்தம் எவ்வளவு எடை, இயந்திரத்தின் உச்ச குதிரைத்திறன் எவ்வளவு என்பவற்றை அது சொல்கிறது. தகடு இல்லாத பழைய படகுக்கு ஒரு தோராயக் கணக்கு வழக்கில் உள்ளது: அடிக்கணக்கில் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி 15 ஆல் வகுத்தால், அமைதியான நீரில் ஏறக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை கிடைக்கும். 14 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள படகுக்கு விடை 4.67; அதை 4 என்றே கொள்ள வேண்டும். காற்று வீசும் நாளில் அதிலும் ஒருவரைக் குறைப்பது விவேகம்.

மொத்தச் சுமை 320 கிலோ என்று எழுதியிருக்கும் ஒரு படகை எடுத்துக்கொள்வோம். 85 கிலோ எடையுள்ள இருவர் ஏறினால் 170 கிலோ. 10 குதிரைத்திறன் அளவிலான நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) இயந்திரம் ஏறத்தாழ 40 கிலோ. 25 லிட்டர் பெட்ரோல், கலனோடு சேர்த்து 22 கிலோ. ஈய அமில மின்கலம் 25 கிலோ. நங்கூரம், கயிறு, தூண்டில்கள், துடுப்புகள், பனிக்கட்டிப் பெட்டி ஆகியவை சேர்ந்து 35 கிலோ. கூட்டினால் 292 கிலோ. மீதமிருப்பது 28 கிலோ மட்டுமே. மூன்றாவது இருக்கை காலியாக இருந்தாலும் அதில் உட்கார ஓர் ஆளுக்கு இடமில்லை. நால்வர் அமரலாம் என்று தோன்றும் படகு உண்மையில் இருவருக்கான படகு என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகே பலருக்கும் தெரியவருகிறது.

எடையின் அளவைப் போலவே அது இருக்கும் இடமும் முக்கியமானது. தனியாகச் செல்பவர் பின்னணியத்தில் அமர்ந்து, இயந்திரம், எரிபொருள், மின்கலம் எல்லாவற்றையும் தன் அருகிலேயே வைத்துக்கொண்டால், அணியம் வானத்தை நோக்கி எழும்பி முன்னே இருப்பதை மறைத்துவிடும். பின்புற விளிம்பு நீர்மட்டத்துக்கு ஆபத்தான அளவுக்குத் தாழும். மின்கலத்தையும் எரிபொருள் கலனையும் நடுப்பகுதிக்கு நகர்த்தினாலே படகு நேராகிவிடும். பின்னணியத்தில் இயந்திரம் மாட்டும் பகுதி படகின் மிகத் தாழ்ந்த விளிம்பாக இருப்பதால், ஓடும் படகைத் திடீரென நிறுத்தினால் பின்தொடர்ந்து வரும் சொந்த அலையே அதன் வழியாக உள்ளே புகக்கூடும். நங்கூரத்தைப் பின்னணியத்திலிருந்து இறக்கக் கூடாது, அணியத்திலிருந்தே இறக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுதான்.

பழைய படகை வாங்கி, குறுக்கு இருக்கைகளை அறுத்தெடுத்துவிட்டு, ஒட்டுப்பலகையால் உயரமான மேடை அமைக்கும் வழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குறுக்கு இருக்கைகளுக்கு உட்கார்வதைத் தவிர வேறு இரண்டு வேலைகள் உண்டு. அவை இரு பக்கச்சுவர்களும் உள்ளே வளையாமலும் வெளியே விரியாமலும் தாங்குகின்றன. மேலும், படகு நீர் நிரம்பினாலும் மூழ்காமல் மிதக்கச் செய்யும் நுரைப்பொருள் பெரும்பாலும் அவற்றுக்குள்தான் அடைக்கப்பட்டிருக்கிறது. அலுமினியம் தானாக மிதப்பதில்லை. நுரையை எடுத்துவிட்ட படகு கவிழ்ந்தால் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள 8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகை ஒன்றின் எடையே ஏறத்தாழ 20 கிலோ என்பதையும், உயரமான மேடையில் நிற்கும் ஆளின் எடை படகின் ஈர்ப்பு மையத்தை மேலே தூக்கிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தொடக்கநிலையாளர் இந்த மாற்றத்தில் இறங்காமல் இருப்பதே நன்று.

இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது குதிரைத்திறனுக்கு முன் பார்க்க வேண்டியது பின்பலகையின், அதாவது இயந்திரம் மாட்டும் பின்புறச் சுவரின், உயரம். சிறு படகுகளில் இது வழக்கமாக 15 அங்குலம் அல்லது 20 அங்குலம். அதற்கேற்பக் குட்டைத் தண்டு, நெடுந்தண்டு என இரு வகை அவுட்போர்டு (படகின் வெளிப்புறம் மாட்டும்) இயந்திரங்கள் வருகின்றன. இயந்திரத்தின் சுழல்விசிறிக்குச் சற்று மேலே கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும் தட்டு படகின் அடிமட்டத்தோடு ஒட்டியோ அதற்குச் சிறிது கீழாகவோ இருக்க வேண்டும். தண்டு குட்டையானால் விசிறி காற்றை இழுத்துக்கொண்டு வீணே சுழலும். நீண்டுவிட்டால் இழுவிசை கூடும், நீர் தெறிக்கும், ஆழமற்ற இடத்தில் அடியில் தட்டும். தகட்டில் எழுதியிருக்கும் குதிரைத்திறன் உச்ச வரம்பு. அதற்கு மேல் ஒருபோதும் போகக் கூடாது, அதன் முக்கால் பங்கு அளவில் இருந்தால் பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். சிறிய நீர்நிலைகளில், குறிப்பாகப் பெட்ரோல் இயந்திரம் தடைசெய்யப்பட்ட இடங்களில், மின்கலத்தில் ஓடும் சிறு மோட்டாரே போதும். அதன் திறன் பவுண்டு உந்துவிசையில் குறிப்பிடப்படுகிறது. நிறைசுமையில் ஒவ்வொரு 45 கிலோவுக்கும் 2 பவுண்டு என்பது பலரும் பின்பற்றும் குறைந்தபட்சக் கணக்கு. காற்றை எதிர்த்து வர வேண்டியிருக்கும் என்பதால் அதைப்போல் ஒன்றரை மடங்காவது வைத்துக்கொள்ள வேண்டும். எந்த இயந்திரமானாலும், ஓட்டுபவர் நீரில் விழுந்தால் அதை நிறுத்திவிடும் பாதுகாப்புக் கயிறு உடலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆளில்லாமல் வட்டமடித்துக்கொண்டே இருக்கும் படகு விழுந்தவரையே தேடி வரும்.

தகடுகளை இணைக்கும் முறையில் இரண்டு உண்டு. ரிவெட் அடித்த படகு மெல்லிய தகட்டில் செய்யப்படுவதால் எடை குறைவு, விலை குறைவு. ஆண்டுகள் செல்லச் செல்ல அலை மோதலில் சில ரிவெட்டுகள் தளர்ந்து நீர் கசியத் தொடங்கும். அவற்றை இறுக்கவோ மாற்றவோ முடியும், அது பெரிய வேலையல்ல. வெல்டிங் செய்த படகு தடித்த தகட்டில் அமைகிறது, கசிவு அரிது, அடி தாங்கும். ஆனால் எடையும் விலையும் கூடும். வெல்டிங் சூடுபட்ட பகுதியில் உலோகம் சற்று வலிமை குறைந்திருப்பதால் விரிசல் அங்கேதான் முதலில் வரும். அதைச் சரிசெய்ய அலுமினிய வெல்டிங்கில் பழகிய கை வேண்டும். தூக்கிச் செல்வதும் சிறு இயந்திரத்தில் ஓட்டுவதும் முக்கியமென்றால் ரிவெட் படகு போதும் என்பேன்.

அரிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காற்றுபட்டவுடன் அலுமினியத்தின்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் தானாகவே உருவாகி, அடியில் இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. கீறினாலும் அது மீண்டும் உருவாகிவிடும். ஆகவே வண்ணம் பூசாத அலுமினியப் படகு மங்கலாகத் தோன்றினாலும் கெட்டுப்போவதில்லை. இந்தப் பாதுகாப்பு இரண்டு சூழல்களில் தோற்கிறது. முதலாவது, வேறு உலோகத்தின் தொடர்பு. செம்பு, பித்தளை, துருப்பிடிக்காத எஃகு போன்றவை அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு, இடையில் நீரும், குறிப்பாக உப்பு நீரும் இருந்தால், ஒரு சிறு மின்கலமே உருவாகிவிடுகிறது. அதில் கரைவது அலுமினியம். படகின் அடியில் விழுந்து மறக்கப்பட்ட ஒரு செம்பு நாணயம்கூடத் தகட்டில் குழி தோண்டக்கூடும். எஃகுத் திருகு மாட்ட வேண்டியிருந்தால் இடையில் நைலான் வளையமோ ஏற்ற பசையோ வைக்க வேண்டும். பாசி படியாமலிருக்கச் செம்பு கலந்த வண்ணத்தை அடிப்பகுதியில் பூசக் கூடாது. செம்பு உப்புகளால் பதப்படுத்திய ஒட்டுப்பலகையைத் தரையாகவோ பின்பலகையாகவோ பொருத்தவும் கூடாது. அழுகாது என்று நம்பி வாங்கிய பலகையே தகட்டைத் தின்றுவிடும். மின்கம்பிகளுக்குப் படகின் உடலையே எதிர்முனையாகப் பயன்படுத்துவதும் இதே வகைக் கேட்டைத் தரும். ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு கம்பிகள் தனித்தனியே மின்கலம் வரை செல்ல வேண்டும்.

இரண்டாவது, காற்றுப்படாத ஈரம். தரைவிரிப்பின் அடியிலும், நனைந்த நுரையின் அடியிலும், மூலையில் சேர்ந்த இலைச்சருகின் அடியிலும் ஈரம் தேங்கி நின்றால் ஆக்சைடு படலம் புதுப்பிக்கப்படாமல், வெள்ளைப் பொடியும் ஊசிக் குழிகளும் தோன்றும். படகை எப்போதும் சற்றுச் சாய்த்து, பின்புற வடிகால் அடைப்பானைக் கழற்றி, நீர் முழுவதும் வடியும்படி வைப்பது இதைத் தவிர்க்கும். உப்பு நீரில் ஓட்டிய நாளில் படகையும் இயந்திரத்தின் குளிர்விப்புக் குழாய்களையும் நன்னீரால் கழுவ வேண்டும். நீரிலேயே கட்டி வைக்கும் படகுக்கும், எந்தப் படகின் இயந்திரத்துக்கும், அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைந்துகொடுக்கும் தியாக உலோகக் கட்டிகள் தேவைப்படுகின்றன; அவற்றில் துத்தநாகம் உப்பு நீருக்கும் மக்னீசியம் நன்னீருக்கும் ஏற்றவை. பாதி கரைந்ததும் அவற்றை மாற்ற வேண்டும்.

அலுமினியத்தின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. அது வெயிலில் சுடும், குளிரில் உறைக்கும், கருவி ஒன்று கைதவறி விழுந்தால் அந்த ஓசை நீருக்குள்ளும் பரவி மீன்களைக் கலைக்கும். தரையில் ரப்பர் விரிப்பு போட்டால் ஓசை பெரிதும் அடங்கும். ஆனால் கரை திரும்பியதும் அதை எடுத்து உலர்த்த வேண்டும்.

பயன்படுத்திய படகை வாங்குவது இந்த வகையில் நல்ல முடிவாகவே பெரும்பாலும் அமைகிறது, ஏனெனில் வெளியில் தெரியும் நசுங்கல்கள் பெரும்பாலும் தீங்கற்றவை. உண்மையான கேடு மறைந்திருக்கும். பின்பலகைக்குள் மரம் இருந்தால், அதைச் சிறு சுத்தியலால் பல இடங்களில் தட்டிப் பார்க்க வேண்டும். மந்தமான ஓசை வந்தால் உள்ளே அழுகியிருக்கிறது. மாட்டியிருக்கும் இயந்திரத்தை மேலே சாய்த்து அதன் அடிமுனையை மெல்ல அழுத்தும்போது பின்பலகையும் கூடவே வளைந்தால், அதை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேட்க வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட எடையைவிடப் படகு மிகவும் கனத்தால், நுரைப்பொருள் நீரைக் குடித்திருக்கிறது என்று பொருள். தரைப்பலகையைத் தூக்கிக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடமிருந்து விடைபெற்றுவிடலாம்.

கசிவைக் கண்டுபிடிக்கப் படகை நீரில் இறக்கவே வேண்டியதில்லை. ட்ரெய்லரில் நிற்கும் படகின் வடிகாலை அடைத்து, உள்ளே சில சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் விட்டு, அடியில் குனிந்து, சொட்டும் ஒவ்வோர் இடத்தையும் மெழுகுப் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். ஆயிரம் லிட்டர் நீர் ஒரு டன் எடை என்பதால் படகு நிரம்பும் அளவுக்கு விடக் கூடாது; தகடும் ட்ரெய்லரும் அதைத் தாங்க வடிவமைக்கப்பட்டவை அல்ல. குறித்த இடங்கள் ரிவெட் தலைகளாக இருந்தால், ஒருவர் வெளியே கனமான இரும்பை ஒட்டிப் பிடிக்க மற்றவர் உள்ளிருந்து சுத்தியலால் அடித்து அவற்றை இறுக்கிவிடலாம். இறுகாதவற்றைத் துளையிட்டு எடுத்து, முனை மூடிய புதிய ரிவெட்டை நீர்புகாப் பசையில் தோய்த்து அடிக்கலாம். சொட்டு ரிவெட்டிலிருந்து வராமல் தகட்டின் விரிசலிலிருந்து வருகிறதென்றால், அந்தப் படகை வெல்டரிடம் காட்டி மதிப்பீடு வாங்கிய பிறகே விலை பேச வேண்டும்.